522 வாக்குகள், மூன்று ரயில்வே கேட்

மெல்போர்னில் இருக்கிற நம் ஆட்களிடம் பேசிப் பாருங்கள். சென்னையில் யார் யாரோடு கூட்டணி, கொழும்பில் என்ன நடக்கிறது, கான்பராவில் யாருடைய நாற்காலி ஆடுகிறது, எல்லாம் விரல்நுனியில் இருக்கும். “சரி, விக்டோரியா மாநில நாடாளுமன்றத்தில் உங்கள் தொகுதி எது? உறுப்பினர் யார்?” என்று கேட்டால் பலர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பிள்ளை படிக்கிற அரசுப் பள்ளி, காலையில் ஏறுகிற ரயில், நடுராத்திரியில் நாம் ஓடுகிற எமர்ஜென்சி வார்டு, கூப்பிட்டால் வருகிற போலீஸ், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் நிற்கிற வாடகைச் சட்டம், இத்தனையும் மாநில அரசின் கையில்தான் இருக்கின்றன. முடிவுகள் எடுக்கப்படும் இடம் ஸ்பிரிங் தெருவில் இருக்கும் மாநில நாடாளுமன்றம். அங்கே கீழவையில் 88 இருக்கைகள். அதில் ஒன்று உங்களுடையது.

இந்தப் பதிவில் பென்ட்லி தொகுதியைப் பற்றி எழுதுகிறேன். நான் வேலைக்குப் போய்வருவது ஃபிராங்க்ஸ்டன் ரயில் பாதையில். அந்தப் பாதையில் பென்ட்லி ஒரு ஸ்டேஷன். பென்ட்லியின் கதை தெரிந்தால், ஒரு புறநகர்த் தொகுதியால் என்ன செய்ய முடியும் என்பது புரியும்.

நகர மையத்திலிருந்து தென்கிழக்கே 13 கிலோமீட்டர். மலையும் இல்லை, ஆறும் இல்லை. செங்கல் வீடுகள், ஓட்டுக்கூரை, முன்னால் கொஞ்சம் புல்வெளி. பழைய வீட்டை இடித்து அதே மனையில் இரண்டு மாடி வீடுகள் இரண்டு கட்டுவது இப்போதைய வழக்கம். பென்ட்லி, கிழக்கு பென்ட்லி, மெக்கின்னன், ஹாம்ப்டன் ஈஸ்ட், சுற்றியுள்ள ஊர்களில் சில பகுதிகள், இவ்வளவுதான் தொகுதி. விக்டோரியாவில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஐம்பதாயிரம் வாக்காளர்கள். எந்தத் தொகுதியும் சராசரியை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ விடாமல் எல்லையை அவ்வப்போது திருத்துகிறார்கள். 1967இல் உருவான பென்ட்லி, பெரும்பாலும் ஆட்சி போகும் பக்கமே போய் வந்த தொகுதி. இது யாருக்கும் கோட்டை இல்லை. அதுதான் அதன் பலம்.

ஊரின் பெயருக்குப் பின்னால் ஒரு ரயில் கதை இருக்கிறது. 1904 முதல் 1909 வரை விக்டோரியாவின் பிரிமியராக, அதாவது மாநில முதல்வராக, இருந்த தாமஸ் பென்ட் நினைவாக வைத்த பெயர் அது. 1880களின் தொடக்கத்தில் அவர் ரயில்வே அமைச்சர். இந்தப் பக்கம் நிலம் வாங்கி விற்றதில் பெரும் பேர் எடுத்தவர். பதவியையும் நில வியாபாரத்தையும் ஒன்றாகக் கலந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் கடுமையாகவே எழுதியிருக்கிறார்கள். பிரைட்டனில் நெப்பியன் நெடுஞ்சாலை ஓரம் அவருக்குச் சிலையும் உண்டு. தண்டவாளம் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்து வாக்கும் காசும் நகர்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

சரி, தலைப்பில் சொன்ன ரயில்வே கேட்டுக்கு வருவோம். 2016க்கு முன்னால் இந்தப் பகுதியில் கார் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆர்மண்டில் நார்த் ரோடு, அடுத்து மெக்கின்னன் ரோடு, அடுத்து பென்ட்லியில் சென்டர் ரோடு. அடுத்தடுத்து மூன்று சாலைகள், மூன்றையும் தரைமட்டத்தில் வெட்டிக்கொண்டு போகிற ரயில் பாதை. அங்கே தண்டவாளமும் மூன்று. ஒரு ரயில் நகரத்துக்குப் போகும். கேட் தூக்குகிற மாதிரி இருக்கும். அதற்குள் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று வரும். அது போனதும் நடுப் பாதையில் நிற்காமல் போகிற விரைவு ரயில் வரும். சிவப்பு விளக்கு மாறி மாறி மின்னிக்கொண்டே இருக்கும், மணி அடித்துக்கொண்டே இருக்கும். சென்டர் ரோடு சின்னச் சாலைதான், இரண்டு பக்கமும் கடைகள். பேக்கரி, மீன் கடை, மருந்துக் கடை, காபிக் கடை. கேட் போட்டால் கார் வரிசை கடைவீதியைத் தாண்டிப் போய்விடும். நடுவில் பஸ்ஸும் மாட்டிக்கொள்ளும். ரயிலைப் பிடிக்க வந்தவர்கள் எதிர்ப் பிளாட்பாரத்தில் தங்கள் ரயில் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். சிலர் பொறுமை இழந்து குனிந்து ஓடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

இதோடு ரயிலில் இடமும் இல்லாமல் போனது. 2000களின் நடுவிலிருந்து மெல்போர்னில் ரயில் பயணிகள் மளமளவென்று கூடினார்கள். அந்த அளவுக்கு வண்டிகள் கூடவில்லை. 2009 ஜனவரியில் 43 டிகிரியைத் தாண்டிய வெயில் மூன்று நாள் தொடர்ந்து அடித்தபோது தண்டவாளம் வளைந்து நூற்றுக்கணக்கான ரயில்கள் ரத்தாயின. அந்த ஆண்டின் கடைசியில் ரயிலை நடத்தும் தனியார் நிறுவனத்தையே அரசு மாற்றியது. மைக்கி பயணச்சீட்டு அட்டையோ வர வேண்டிய நாளுக்கு வெகு காலம் கழித்து, போட்ட கணக்கைத் தாண்டிய செலவோடு வந்து சேர்ந்தது.

இந்தச் சூழலில்தான் 2010 நவம்பர் 27 தேர்தல் வந்தது. லேபர் கட்சி 1999லிருந்து ஆட்சியில் இருந்தது. பிரிமியர் ஜான் பிரம்பி. கருத்துக் கணிப்புகள் போட்டி கடுமை என்றாலும் ஆட்சி கவிழும் என்று அடித்துச் சொன்னவர்கள் குறைவு. வாக்கு எண்ணும்போதுதான் ஃபிராங்க்ஸ்டன் ரயில் பாதை முழுக்க நகர்ந்திருப்பது தெரிந்தது. பென்ட்லி, மார்டியாலிக், காரம், ஃபிராங்க்ஸ்டன். வரைபடத்தில் ஸ்டேஷன்களைப் படிப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தொகுதிகள் லேபரிடமிருந்து லிபரல் கட்சிக்குப் போயின.

சனிக்கிழமை ராத்திரி முடிவு தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இழுபறி. கடைசியில் பென்ட்லியும் கைவிட்டுப் போனது தெரிந்த பிறகு, திங்கட்கிழமை பிரம்பி தோல்வியை ஒப்புக்கொண்டார். லிபரல்–நேஷனல் கூட்டணிக்கு 45, லேபருக்கு 43. பென்ட்லியில் லேபரின் ராப் ஹட்சனை லிபரலின் எலிசபெத் மில்லர் வென்றது 522 வாக்கு வித்தியாசத்தில். பாதிக்கு மேல் ஒரு வாக்கு, அதாவது 262 பேர், மறுபக்கம் போட்டிருந்தால் பென்ட்லி லேபரிடமே இருந்திருக்கும். அவை 44க்கு 44 என்று நின்றிருக்கும். ஒரு பெரிய திருமண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காரும் கூட்டம்கூட இல்லை அது. மாநில ஆட்சியே அந்த எண்ணிக்கையில் தங்கியிருந்தது.

ரயில் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பதினொரு ஆண்டு ஆட்சி மீது ஒரு சலிப்பு இருந்தது. செலவு மீறிய திட்டங்கள் மீது கோபம் இருந்தது. கிழக்குப் புறநகர்களிலும் லேபர் தொகுதிகளை இழந்தது. ஆனால் ஒரே ரயில் பாதையில் வரிசையாக நான்கு போனதை இரு கட்சிகளும் மறக்கவில்லை.

இங்கே வாக்களிக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். வாக்களிப்பது கட்டாயம், சரியான காரணம் இல்லாமல் போகாவிட்டால் அபராதம். சீட்டில் ஒருவருக்கு மட்டும் குறி போட்டால் செல்லாது. ஆறு பேர் நின்றால் 1 முதல் 6 வரை எல்லாக் கட்டத்திலும் விருப்ப வரிசையில் எண் எழுத வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரித்துக் கொடுப்பார்கள். இப்படியே நீக்கிக்கொண்டு போய் ஒருவர் பாதியைத் தாண்டும்வரை எண்ணுவார்கள். பென்ட்லி போன்ற இடத்தில் கிரீன்ஸ் கட்சிக்கு 1 போட்டவரின் சீட்டு இறுதிச் சுற்றில் பெரும்பாலும் லேபர், லிபரல் இருவரில் ஒருவரிடம்தான் போய் விழும். அந்த 522ஐத் தீர்மானித்தது பலருடைய இரண்டாவது, மூன்றாவது விருப்பம். ஆகவே கட்சிக்காரர்கள் வாசலில் நீட்டும் அட்டையை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். எண்ணை நீங்களே யோசித்து எழுதுங்கள். கடைசிக் கட்டம்வரை அதற்கு மதிப்பு இருக்கிறது.

அதே பாதையின் கடைசி ஸ்டேஷனான ஃபிராங்க்ஸ்டனில் அடுத்து நடந்தது இன்னும் பெரிய பாடம். அங்கே 2010இல் வென்ற லிபரல் உறுப்பினர் ஜெஃப் ஷா, நாடாளுமன்றம் கொடுத்த காரைத் தன் சொந்த வணிகத்துக்குப் பயன்படுத்த விட்டார் என்று முறைகேடுகளை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் 2012இல் அறிக்கை கொடுத்தார். 2013 மார்ச் 6ஆம் தேதி ஷா கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலகினார். அன்றைக்கே பிரிமியர் டெட் பெய்லியு பதவி விலகினார். டெனிஸ் நாப்தைன் வந்தார். பாதிக்கு மேல் ஒரே ஒரு இருக்கையை வைத்து ஓடிக்கொண்டிருந்த ஆட்சி, அதன்பின் ஒரு புறநகர் உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று பார்த்துப் பார்த்து ஓடியது. அவைத் தலைவரே பதவி விலக நேர்ந்தது. 2014 ஜூனில் ஷாவை அவை இடைநீக்கம் செய்தது. இத்தனைக்கும் நடுவில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ரயிலும் எவ்வளவு கவனம் பெற்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2014 தேர்தலுக்கு லேபர் தலைவர் டேனியல் ஆண்ட்ரூஸ் கொண்டுவந்த வாக்குறுதி நம் கேட்டைப் பற்றியது: மிக ஆபத்தான, நெரிசல் மிகுந்த 50 ரயில்வே கேட்டுகளை எட்டு ஆண்டில் அகற்றுவோம். ஆட்சியில் இருந்த கூட்டணியும் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஆர்மண்டின் நார்த் ரோடு கேட்டை அகற்றப் பணம் ஒதுக்கியிருந்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத ஒரு கேட்டுக்கு இரண்டு கட்சியும் போட்டி போட்டுக்கொண்டு வந்ததே, அதுதான் 2010இன் பலன்.

2014 நவம்பர் 29. பென்ட்லியில் நிக் ஸ்டைகோஸ், மார்டியாலிக்கில் டிம் ரிச்சர்ட்சன், காரமில் சோனியா கில்கென்னி, ஃபிராங்க்ஸ்டனில் பால் எட்புரூக். நான்கும் லேபருக்குத் திரும்பின. கூட்டணி ஒரே தவணையில் ஆட்சியை இழந்தது. விக்டோரியாவில் அப்படி நடந்தது 1955க்குப் பிறகு அதுவே முதல் தடவை. பென்ட்லியில் இரண்டு பெரிய வேட்பாளர்களுக்கு இடையே கணக்கிட்டால் லேபர் பெற்றது 50.8 சதவீதம். மறுபடியும் நூலிழை.

அந்த நூலிழைதான் மண்ணைத் தோண்ட வைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2016 குளிர்காலத்தில் காஃபீல்டுக்கும் மூராபினுக்கும் இடையே ரயிலை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினார்கள். நாங்கள் எல்லாம் மாற்றுப் பஸ்ஸில் குளிரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். விளக்கு போட்டு இரவும் பகலும் மண்ணை அள்ளினார்கள். தண்டவாளம் ஓரம் இருந்த மரங்கள் போயின. தூக்கம் கெட்டது என்று அருகில் குடியிருந்தவர்கள் குமுறினார்கள். சென்டர் ரோடு கடைக்காரர்களுக்கு அந்த மாதங்கள் கஷ்டகாலம். அந்த நஷ்டத்தை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆர்மண்ட், மெக்கின்னன், பென்ட்லி மூன்று ஸ்டேஷன்களும் தரைக்குக் கீழே புதிதாகத் திறந்தன. மூன்று கேட்டும் இல்லை.

இப்போது சென்டர் ரோட்டில் நின்று பாருங்கள். சாலை மட்டத்தில் ஸ்டேஷன் வாசல். படியிலோ லிஃப்டிலோ கீழே இறங்கினால் பிளாட்பாரம். இரு பக்கமும் உயர்ந்த கான்கிரீட் சுவர். ரயில் வருவது மேலே சாலையில் இருப்பவருக்குத் தெரிவதே இல்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற தாயும், கைத்தடி ஊன்றி வருகிற பெரியவரும் எந்த நேரத்திலும் அவசரமில்லாமல் கடந்து போகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய எத்தனை நிமிடம் மிச்சம்! அரசியல் என்றால் இதுதான் என்று எனக்கு அங்கே நிற்கும்போது தோன்றும்.

2018இல் பென்ட்லி மக்கள் என்ன செய்தார்கள்? ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த லேபரின் கூடுதல் பலத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். மாநிலம் முழுக்க லேபர் 55 இடம் பிடித்த தேர்தல் அது என்றாலும், பென்ட்லியின் பாய்ச்சல் அதிகம். 50 என்று ஆரம்பித்த கேட் கணக்கு 75 ஆகி, 85 ஆகி, இப்போது 2030க்குள் 110 என்று நிற்கிறது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற பக்கமும் உண்டு. 2017 டிசம்பரில் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் இந்தத் திட்டத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். தேர்ந்தெடுத்த 50 கேட்டுகளும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை, எல்லாமே மிக ஆபத்தான, நெரிசலான பட்டியலில் வருபவை அல்ல என்பது அதன் சாரம். கிளேட்டன், செயின்ட் ஆல்பன்ஸ் போன்ற லேபர் கோட்டைகளிலும் கேட்டுகள் போயின என்பது உண்மைதான். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கதவைத் திறந்தது இழுபறித் தொகுதிகள். கோட்டைகள் பின்னால் நுழைந்தன.

மேற்கே டார்னீட்டைப் பாருங்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் உட்பட இந்தியர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர். 2015இல் ஸ்டேஷன் திறந்தது. இன்றும் அங்கே ஓடுவது மெட்ரோ மின்ரயில் அல்ல, வெளியூர் டீசல் வண்டிகள். காலையில் நிற்க இடமில்லை. அந்தப் பாதையை மின்மயமாக்கும் திட்டம் 2018 தேர்தலுக்கு முன் அறிவிக்கப்பட்டது, இன்னும் கட்டப்படவில்லை. கிழக்கே அதே 2018இல் அறிவித்த புறநகர் வட்ட ரயிலுக்குக் கட்டுமான வேலையே ஆரம்பமாகிவிட்டது. மேற்குப் பகுதி நீண்ட காலமாக லேபரின் கோட்டை. அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னது: “தம்பி, எங்க ஓட்டு எங்க விழும்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அப்புறம் எதுக்கு அவங்க அவசரப்படணும்?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. தேவையை வைத்துச் செலவு செய்ய வேண்டிய அரசு, வாக்கு வித்தியாசத்தை வைத்துச் செலவு செய்வது அநியாயம்.

பென்ட்லியிலேயே இன்னொரு விஷயமும் நம் குடும்பங்களை நேரடியாகத் தொடுகிறது. மெக்கின்னன் செகண்டரி காலேஜ் அரசுப் பள்ளி, நல்ல பெயர். அதன் சேர்க்கைப் பகுதியான ‘சோன்’ எல்லைக்குள் வீடு வேண்டும் என்று வாடகையைக் கூட்டிக் கொடுத்துக் குடிபோகிறவர்களை எனக்குத் தெரியும். பள்ளி நிரம்பி வழிந்ததால் கிழக்கு பென்ட்லியில் இரண்டாவது வளாகம் கட்டி 2022இல் திறந்தார்கள். சோன் எல்லையை வரைவதும், புது வளாகத்துக்குப் பணம் கொடுப்பதும் மாநில அரசுதான். பிள்ளை படிப்புக்காக வீடு மாற்றுகிற நாம், அந்த எல்லையைப் பற்றி நம் தொகுதி உறுப்பினரிடம் ஒரு தடவையாவது பேச வேண்டாமா?

பேசுவது அவ்வளவு கடினமும் இல்லை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் தொகுதிக்குள் அலுவலகம் இருக்கிறது. தொலைபேசியில் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். மின்னஞ்சல் எழுதலாம். எழுதும்போது உங்கள் தெருப் பெயரையும் தொகுதிக்குள் வாக்குரிமை உள்ளவர் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஒரே கடிதத்தில் பத்துக் குறை வேண்டாம். ஒன்றை எடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதே ஃபிராங்க்ஸ்டன் பாதையில் ஓர் உதாரணம்: சவுத்லேண்ட் கடைவளாகம் 1968இல் ரயில் பாதையை ஒட்டியே திறந்தது. அதற்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது 2017 நவம்பரில். ஐம்பது ஆண்டுக்கு ஒன்று குறைவு. அங்கே ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று மக்கள் விடாமல் கேட்டார்கள். கடைசியில் இரண்டு கட்சியும் வாக்குறுதி கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாநிலத் தேர்தல் 2026 நவம்பர் 28, சனிக்கிழமை. விக்டோரியா தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் தொகுதி எது என்று உடனே காட்டும். வீடு மாறியிருந்தால் பதிவையும் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு போன தடவை உங்கள் தொகுதியில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். இழுபறி என்றால் இப்போதே கேளுங்கள். கோட்டை என்றால் இன்னும் உரக்கக் கேளுங்கள்.